அவள் இலை வைக்கவில்லை

சரவணா,

நேற்று மத்தியானம் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கடையில் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். "அம்மா, பார்சல் வந்துருச்சா? வந்தா பிரிக்க வேணாம், அப்படியே ரூம்ல வைங்க. அப்புறம், கோகிலா போன் எடுக்க மாட்டேங்கிறா. என்னான்னு பாருங்க லா." இதே வரிசையில்தான் கேட்டாய். முதலில் பார்சல், அதற்குப் பிறகு பொண்டாட்டி. என் காதில்தான் ஏதும் கோளாறோ என்று இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்திருந்த ஒரு அம்மாவும் கூட இருந்து கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் அப்புறமா வரேங்கா" என்று அவர் எழுந்து போய்விட்டார்.

பார்சல் வந்துவிட்டது. பிரித்தும் ஆயிற்று. கோகிலா இந்த வீட்டில் இல்லை. மஸ்ஜித் தானாவில் அவள் அப்பா வீட்டில் இருக்கிறாள். கொண்டுபோய் விட்டது நானும் உன் அப்பாவும்தான். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடுவில் புகுந்து "அம்மா, அது அப்படி இல்ல லா" என்பாய், நான் கத்துவேன், கடைசியில் நான் கத்தியதுதான் பேச்சாக நிற்கும். அதனால் எழுதுகிறேன். உனக்கு அனுப்பிய கையோடு இதை நம் குடும்பத்து வாட்ஸ்அப் குரூப்பிலும் போடப் போகிறேன். உன் கல்யாணத்துக்கு வந்த சனம் எல்லாருக்கும் "கோகிலா சுடுதண்ணிய கால்ல கொட்டிக்கிட்டா" என்றுதானே தெரியும். நடந்ததைக் கண்ணால் பார்த்தும் வாயைத் திறக்காத உன் கூட்டாளிகளுக்கும் நீயே காட்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ வீட்டில் பீர் காய்ச்சுகிறாய் என்பதற்காக எனக்குக் கோபம் இல்லை. எஸ்டேட்டில் குடித்துக் கெட்டவர்களின் கதையை எடுத்துவைத்து அழுவேன் என்று நினைக்காதே. அந்தக் கதைகள் எனக்கும் தெரியும். இங்கே அது பேச்சு இல்லை. நீ காய்ச்சிய பீரை நானும் குடித்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கோழிப் பிரட்டலோடு அரை கிளாஸ். உன் அப்பா எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லோரியை நிறுத்திவிட்டு வந்து, குளித்து, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "கடைல வாங்குறத விட இது கசப்பு நல்லா இருக்குடா" என்று சொன்னபோது உன் முகம் எப்படி மலர்ந்தது என்று பார்த்தவள் நான். உனக்கு ஹாப்ஸ் பை தைத்துக் கொடுத்ததும் நான்தான்.

அந்தப் பையை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. ஒருநாள் கடைக்கு வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாய். கோழித் தீனி மாதிரி பச்சைக் குருணை. ஹாப்ஸ் என்று ஏதோ ஒரு பூவாம், காயவைத்து, அரைத்து, அச்சில் அழுத்தி விற்கிறார்களாம், பீருக்குக் கசப்பும் வாசனையும் அதிலிருந்துதான் வருகிறதாம். "இது கொதிக்கிற தண்ணிக்குள்ள இருக்கணும்மா, ஆனா கலந்து ஓடக் கூடாது. கரைஞ்சு சேறு மாதிரி ஆயிரும். அண்டாவுக்கு அடியில பைப்பு வச்சிருக்கேன்ல, அதுல போய் அடைச்சுக்கும்" என்றாய். ரவிக்கைக்கு உள்ளே கொடுக்கும் பருத்தித் துணியில் ஒரு சின்னப் பை தைத்துக் கொடுத்தேன். குருணை ஊதிப்போய், பைக்குள் உருண்டையாக இறுகி, நடுவில் நனையவே இல்லை. அந்தத் தடவை பீர் சப்பென்று இருந்தது. அடுத்தது கொசுவலைத் துணி. அதில் பாதி வெளியே வந்துவிட்டது. மூன்றாவதாகத் தாவணிக்கு வாங்கும் மெல்லிய நைலானில், தலையணை உறை அளவுக்கு அகலமாக, இரண்டு தையல் போட்டு, வாயில் நாடா கோர்த்துத் தந்தேன். பை அண்டாவின் அடியில் பட்டால் கருகிவிடுமே என்று, கைப்பிடியில் மாட்டித் தொங்கவிட ஒரு காது வைக்கச் சொன்னது கோகிலா. ஹாப்ஸ் அதற்குள் தாராளமாக மிதந்தது. கொதித்து முடிந்ததும் பையைத் தூக்கி வடியவிட்டு, குழாயைத் திறந்தால் தேன் நிறத்தில் சுத்தமாக இறங்கியது. நீ அவள் தோளைத் தட்டி, "டீச்சர் மூளையே மூளை" என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளைச் சொல்கிறேன், கேள். பாலர் பள்ளியில் வாரம் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வருகிறவள் அவள். உனக்கோ சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை, ஜொகூரில் ஒரு வாடகை அறை. வாரக் கடைசியில்தான் புருஷன் பொண்டாட்டி முகம் பார்ப்பீர்கள். பின்பக்கம் பந்தல் போட்ட சிமெண்டுத் தரையில் கல்யாணச் சமையல் அடுப்பை வைத்து நீ அண்டாவை ஏற்றுவாய். எந்த ஹாப்ஸ் எப்போது போட வேண்டும் என்று அவள் போனில் அலாரம் வைப்பாள். "டைம் ஆச்சுங்க, வாசனைக்கு உள்ளத போடுங்க" என்பாள். போத்தல்களில் அவள் கையெழுத்தில் பேர் ஒட்டுவாள். கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் இருவரும் சிரித்துப் பேசி நான் அதிகம் பார்த்தது அந்த அடுப்புக்குப் பக்கத்தில்தான். அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிகிறது.

பிறகு தெங்கேராவிலிருந்து உன் கூட்டாளி பிரேம் வந்தான். அவனும் காய்ச்சுகிறவன், உன்னைவிட ரொம்ப நாளாகக் காய்ச்சுகிறவன். கொடியில் காய்ந்துகொண்டிருந்த பையைப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், டீ பேக் போட்டு பீர் காய்ச்சறியா? அம்மா தச்சுக் குடுத்தாங்களா?" என்றான். கூட வந்த பையன்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அது ஒன்றும் வலிக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் என் தையலைக் குறை சொல்லிவிட்டு மறுபடி என்னிடமேதான் வருகிறார்கள். ஆனால் உனக்கு வலித்திருக்கிறது. அதை அன்றே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். அவனிடம் இளித்துவிட்டு, எங்களிடம் வந்து வீறாப்புக் காட்டினாய்.

போன மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களை மறுபடி கூப்பிட்டிருந்தாய். பார்க்கட்டும் என்று இரண்டு மடங்கு ஹாப்ஸ் வாங்கி வைத்திருந்தாய். நான் கோழி பொரித்துக்கொண்டிருந்தேன், பின்கதவு திறந்துதான் இருந்தது. கோகிலா பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பை வேணாம், உள்ள வை" என்றாய்.

"பைப்பு அடைச்சுக்கும்லங்க?"

"பைக்குள்ள போட்டா வாசனை முழுசா எறங்காது. எல்லாரும் அப்படியேதான் போடறாங்க."

"அவங்கெல்லாம் பைப்புக்கு உள்பக்கம் சல்லடை வச்சிருப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஒனக்கு என்ன தெரியும்? சும்மா இரு லா."

கூட்டாளிகள் முன்னால் சொன்னாய். அவள் பையை மடித்தாள். பிறகு கொடியில் போட்டுவிட்டு, வழக்கம்போல் போனை எடுத்து அலாரம் வைத்தாள். கோபித்துக்கொண்டு உள்ளே வந்திருந்தால் இன்றைக்கு அவள் கால் நன்றாக இருந்திருக்கும்.

நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வருகிறது, அதை வைத்துப் பீரை ஆற்ற முடியாது என்று, நீ கொதித்ததைச் சூட்டோடு சூடாகப் பிளாஸ்டிக் டிரம்மில் இறக்கி மூடி வைப்பாய். அன்றைக்கும் அடுப்பை அணைத்ததும் டியூப்பை மாட்டிக் குழாயைத் திறந்தாய். ஒரு சொட்டு வரவில்லை. அடியெல்லாம் பச்சைச் சேறு. கம்பியை விட்டுக் குத்தினாய். சொட்டுச் சொட்டாக வந்து நின்றுவிட்டது. பிரேம் போனில் படம் எடுத்துக்கொண்டே, "மச்சான், விடியறதுக்குள்ள ஒரு கிளாஸாவது கெடைக்குமா?" என்றான். கோகிலா சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "ஆற விடுங்க. ஆறுனதுக்கு அப்புறம் மேலாப்புல மொண்டு ஊத்திக்கலாம்." எவ்வளவு சின்ன விஷயம். ஆற விட்டிருந்தால் என்ன கெட்டுப் போயிருக்கும்? மிஞ்சிப் போனால் ஒரு அண்டா பீர்.

நீ கேட்கவில்லை. "அந்தப் பக்கக் கைப்பிடிய தூக்கிப் பிடி, இந்தப் பக்கம் சாயட்டும்" என்று அவளிடம் சொல்லிவிட்டுக் குழாய்க்கு எதிரே குந்தினாய். சுற்றி நின்ற தடிப் பையன்களில் ஒருவனைக் கூப்பிடவில்லை, அவளைக் கூப்பிட்டாய். அவள் துணியைச் சுற்றிக்கொண்டு தூக்கினாள். நீ கம்பியை இன்னும் ஆழமாக விட்டுத் திருகினாய். அடைப்பு ஒரேயடியாக விட்டது. டியூப் தெறித்து, நீ திருகிய வேகத்தில் குழாயின் வாய் அவள் நின்ற பக்கம் திரும்பிவிட்டது. கொதி நிலையில் இருந்தது அத்தனையும் பீய்ச்சிக்கொண்டு அவள் இடது காலில், முழங்காலுக்குக் கீழே, பாதம் வரை விழுந்தது. நீ பின்பக்கம் விழுந்துவிட்டாய், உன் மேல் ஒரு சொட்டு படவில்லை.

இதை மட்டும் நீ நிதானமாகப் படி. அவள் கைப்பிடியை விடவில்லை. அடுப்பின் ஒரு காலும் சேர்ந்து தூக்கியிருந்தது. அவள் கையை உதறியிருந்தால் அண்டா ஆடி உன் பக்கம்தான் கவிழ்ந்திருக்கும். நீ முதலில் பின்னால் விழுந்து, கையூன்றி எழுந்து, நகர்ந்து போகும் வரைக்கும் அவள் அந்தக் காலிலேயே நின்று, அண்டாவை மெதுவாக இறக்கி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அவள் கத்தவில்லை. "அத்தை" என்று என்னைத்தான் கூப்பிட்டாள். நான் ஓடி வந்து துணி துவைக்கும் குழாயடியில் காலை நீட்டவைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். உன் அப்பா காடியை வாசலுக்கு ஓட்டி வந்தார். நீ பிரேமிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய். படத்தை அழிக்கச் சொன்னாய் என்று பிறகுதான் தெரிந்தது.

காடியில் நீ முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பி என்னிடம் சொன்னாய்: "அம்மா, வீட்ல பீர் காய்ச்சறது தெரிஞ்சா கேஸ் ஆயிரும். நான் பேசிக்கறேன். நீங்க சும்மா இருங்க." உனக்குப் பயம் இருந்தது, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் என்ன சுடுதண்ணீர் என்று கேட்டபோது, குளிக்க வைத்த தண்ணீர் என்றாய். இந்த வெயிலில், இத்தனை பேர் இருக்கிற வீட்டில், யார் அவ்வளவு தண்ணீர் கொதிக்கவைத்துக் குளிக்கிறார்கள்? சீனிப் பாகு என்று சொல்லியிருந்தால்கூட அது பாதி உண்மை. காயத்தைத் துடைத்த தாதிக்காவது உபயோகப்பட்டிருக்கும். ஏனென்றால் அது வெறும் தண்ணீர் இல்லை, தானியத்தின் இனிப்பெல்லாம் இறங்கியது, பாகு மாதிரி தோலோடு ஒட்டிக்கொண்டது. அதற்கு மேல் உன் ஹாப்ஸ். பச்சைச் சேறாகக் காயத்தில் அங்கங்கே அப்பியிருந்தது. நான் எவ்வளவு தண்ணீர் விட்டும் முழுக்கப் போகவில்லை.

அந்த மலாய்த் தாதி சின்னப் பெண். துடைக்கத் துடைக்கப் பச்சை பச்சையாக வந்ததைப் பார்த்துவிட்டு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சியாப்பா சுரு லெத்தா டாவுன்?" என்று கேட்டார். யார் இலையை வைக்கச் சொன்னது என்று. கோகிலா உன்னைப் பார்த்தாள். நீ சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தாய். தாதி அவளைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டார். படித்த பொண்ணு மாதிரி இருக்கிறாய், சுட்ட புண்ணில் இலையை அரைத்து அப்பலாமா, கிருமி போனால் காலையே எடுக்க வேண்டி வரும், இந்தக் காலத்திலும் இப்படி இருக்கிறீர்களே என்று. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்குக் கை கழுவச் சொல்லிக் கொடுக்கிறவள், காயத்தில் தழை அப்பிய முட்டாளாக அந்தக் கட்டிலில் கிடந்தாள். தாதி திட்டியதில் தவறு இல்லை. அவர் கண்ணுக்கு அது இலை. அது இலை இல்லை என்று தெரிந்தவர்கள் மூன்று பேர் அங்கே இருந்தோம். ஒருத்தி வலியில் இருந்தாள். நான் நீ சொன்னபடி சும்மா இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் உடம்பு கூசுகிறது. நீ இன்னும் அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தாய்.

அதையும் பயம் என்று விட்டிருப்பேன். மறுநாள் மஸ்ஜித் தானாவிலிருந்து அவள் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். அவர்களிடம் உனக்கு என்ன கேஸ்? அவள் அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருக்கிற மனிதர், யாரையும் அதிர்ந்து பேசாதவர். உன் பீரை ஒரு தடவை குடித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவர். அவரிடம் நடந்ததைச் சொல்வதற்கு என்ன? நீ சொன்னாய், நான் பக்கத்தில் நின்று கேட்டேன்: "நான் இரு இருன்னு சொன்னேன் மாமா. அவதான் அவசரப்பட்டுத் தூக்கிட்டு வந்தா." தண்ணீர்க் கதையோடு நிறுத்தவில்லை நீ. அவள் உன்னிடம் சொன்னதை எடுத்து நீ அவளிடம் சொன்னதாக மாற்றிவிட்டாய். அவள் அம்மா அந்த நிமிஷமே ஆரம்பித்துவிட்டார். "சின்னப் புள்ளைலேர்ந்தே இப்படித்தான், கை ஒரு பக்கம் புத்தி ஒரு பக்கம். பாவம் மாப்பிள்ளை, ரெண்டு நாள் லீவுல வந்தவருக்கு இதா வேலை?" கோகிலா போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். உன்னை அன்று அவள் பார்க்கக்கூட இல்லை.

நீ நாலாம் ஆண்டு படிக்கும்போது ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு வீட்டுக்கு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். மற்றதை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றாய். உன் அப்பா வேலை முடிந்து வந்த களைப்போடு பனைத் தோட்டத்துக்குள் அந்த நாயைத் தேடிக்கொண்டு அலைந்தார். மறுநாள் பார்த்தால் சப்பாத்து பள்ளிக்கூடத்துக் கூரை மேல் கிடந்தது, நீதான் விளையாட்டுக்கு எறிந்திருக்கிறாய். உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அந்த நாய்க் கதையை எத்தனையோ வீட்டு விசேஷங்களில் சொல்லியாகிவிட்டது. உன் கல்யாண விருந்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னார்கள், எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது கோகிலாதான். இந்த வாரம் உன் அப்பா உன் பேச்சை எடுத்து, "சின்னப் பையன்தானே, பயந்துட்டான், விடு" என்றார். உனக்குத் தலையில் நரை எட்டிப் பார்க்கிறது. யார் சின்னப் பையன்? அவரிடமும் கத்தினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நீ வேலைக்குத் திரும்பிப் போனாய். போனதிலிருந்து ஒரு வாரக் கடைசியும் நீ வரவில்லை. ஓவர்டைம் என்றாய், காய்ச்சல் என்றாய், ஜொகூர்ப் பாலத்தில் ஜாம் என்றாய். கட்டு மாற்றுவதற்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனது நாங்கள்தான். கட்டைப் பிரிக்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள். தழும்பு நிற்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எத்தனை நாளைக்கு என்று அவள் கேட்டபோது அவர் திருப்பி அவள் வயதைக் கேட்டார். இந்த நாட்களில் நீ அவளுக்குப் போன் பண்ணி என்ன பேசினாய் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் பேசி முடித்தபின் "என்னம்மா சொன்னான்?" என்று கேட்பேன். "சாப்டியான்னு கேட்டாரு அத்தை" என்பாள். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. அவள் காத்துக்கொண்டிருந்தாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

போன வாரம் கட்டு மாற்றப் போனபோது அதே தாதி இருந்தார். வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் கோகிலா அவரிடம் மலாயில் சொன்னாள், குரலை உயர்த்தாமல், வகுப்பில் பேசுவது போல: அன்றைக்கு நீங்கள் பார்த்தது இலை இல்லை, நான் எதையும் வைக்கவில்லை, என் மேல் கொட்டியதிலேயே அது இருந்தது, அடியில் அடைத்துக்கொண்டிருந்தது. தாதிக்கு ஞாபகம் வர ஒரு நிமிஷம் ஆயிற்று. வந்ததும் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டு, கையுறையோடேயே அவள் தோளைத் தொட்டு, தங்கச்சியைக் கூப்பிடுவது போல, "சோரி யா, அடிக்" என்றார். தெரியாமல் திட்டிவிட்டேன், நீ அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றார். பாத்திரத்தில் என்ன இருந்தது என்று அவர் கேட்கவில்லை. போலீஸைக் கூப்பிடவில்லை. அந்தப் பெண் யாரோ எவரோ. மன்னிப்புக் கேட்க அவருக்கு ஒரு நிமிஷம்தான் பிடித்தது. திரும்பி வரும்போது காடியில் கோகிலா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சுட்ட அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

அதற்குப் பிறகுதான் உன் பார்சல் வந்தது. நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவள் காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மேலே உன் பேர் இருந்ததால், அவளுக்கென்று நீ வரவழைத்த மருந்தோ, துணிமணியோ என்று நினைத்து நான்தான் பிரித்தேன். எவர்சில்வரில் நீளமாக ஒரு சல்லடைக் கூடை. அண்டா விளிம்பில் மாட்ட மேலே கொக்கி. ஹாப்ஸைப் போட்டுத் தொங்கவிடுவதற்கு. குப்பையில் போடப் போனேன். அவள், "குடுங்க அத்தை" என்று வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரொம்ப நைசான வலை" என்றாள். மேலே இருந்த கொக்கியை விரலால் தடவினாள். பிறகு, "அவருக்கு நல்லாவே புரிஞ்சிருக்கு அத்தை" என்றாள்.

"என்ன புரிஞ்சிருக்கு?"

"என்ன தப்பு நடந்துச்சுன்னு. யாரு தப்புன்னு. புரியாதவரா இருந்தா இத வாங்கியிருக்க மாட்டாரு. அண்டாவுக்குச் செய்ய வேண்டியத செஞ்சிட்டாரு." கூடையை மேஜை மேல் வைத்தாள். "நான் பயந்துட்டாருன்னு நெனச்சேன். அதிர்ச்சியில இருக்காரு, மனசு தெளிஞ்சதும் தானா வந்து அம்மா அப்பாகிட்டச் சொல்லுவாருன்னு நெனச்சேன். என்னைக் கொண்டு போய் விடுங்க அத்தை."

நான் தடுக்கவில்லை. எந்த வாயை வைத்துத் தடுப்பது? உன் அப்பா லோரி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார். அவள் வீட்டு வாசலில் இறங்கும்போதே அவள் அம்மா ஆரம்பித்தார். "கால் ஆறறதுக்குள்ள எதுக்கு அலையற? ஒனக்கு எதுலதான் பொறுமை இருந்துச்சு?" கோகிலா உள்ளே போய் உட்கார்ந்து, காலை நீட்டி வைத்துக்கொண்டு, "அம்மா, நான் கொட்டிக்கல" என்றாள். பையிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொன்னாள். உன்னைத் திட்டி ஒரு வார்த்தை இல்லை. கைப்பிடியை ஏன் விடவில்லை என்பதை அவள் சொல்லாமல் விட்டாள். அதை நான் சொன்னேன்.

அவள் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். வெகுநேரம் குழாய் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வந்து மகள் காலடியில் தரையில் உட்கார்ந்தார். தொடக் கையை நீட்டியவர், கட்டின் மேல் பட்டு வலித்துவிடுமோ என்று கையை மடியில் வைத்துக்கொண்டார். அவள் அப்பா ஒரு குஷனைக் கொண்டுவந்து காலுக்கு அடியில் கொடுத்தார். கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, மரியாதை குறையாமல், "அன்னைக்கு மாப்பிள்ளை எங்ககிட்டச் சொன்னப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க சம்பந்தி?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். காப்பி வந்தது, குடிக்காமல் எழுந்து வந்தோம். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு வீட்டில் நான் அப்படி உட்கார்ந்துவிட்டு வர வேண்டியிருந்தது. அந்த இடத்தில் உட்கார வேண்டியவன் நீ.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த வாரம் வா. ஓவர்டைம் இருந்தாலும் வா. ஜாசினுக்கு, நம் வீட்டுக்கு வராதே, நேரே மஸ்ஜித் தானாவுக்குப் போ. உன் அப்பா கூட வருகிறேன் என்கிறார், நான் கூடாது என்று சொல்லிவிட்டேன். பிரேமையும் அழைத்துப் போகாதே. பழம், பிஸ்கட் எதுவும் வாங்கிக்கொண்டு போகாதே. அவள் அம்மா அப்பா முன்னால் உட்கார்ந்து, பையை வேண்டாம் என்று சொன்னதிலிருந்து ஆரம்பித்து, கைப்பிடியைத் தூக்கச் சொன்னது, ஆஸ்பத்திரி, அதற்குப் பிறகு அவர்களிடம் சொன்ன பொய் வரைக்கும் உன் வாயால் சொல். ஏன் அப்படிச் செய்தாய் என்று விளக்கம் சொல்லாதே, யாரும் கேட்கவில்லை. அவர்கள் திட்டினால் வாங்கிக்கொள். அதற்கு நேரம் ஆனால் ஆகட்டும். எல்லாம் முடிந்த பிறகு கோகிலாவிடம் பேச அவர்கள் விட்டால் பேசு.

அவள் உன்னோடு திரும்பி வருவாளா என்று எனக்குத் தெரியாது. கேட்டேன். "அது அவரு வந்ததுக்கு அப்புறம் நான் பாத்துக்கறேன் அத்தை" என்றாள். அவளுக்காக நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், உனக்காக அவளிடம் கெஞ்சவும் மாட்டேன். அவள் வந்தாலும் வராவிட்டாலும் கட்டு மாற்றுகிற நாட்களில் நான் மஸ்ஜித் தானாவுக்குப் போவேன். அது எனக்கும் அவளுக்கும் உள்ள பேச்சு.

நீ வீட்டை விட்டு வேலைக்குப் போனதிலிருந்து, சாப்பிட்டாயா என்று கேட்காமல் உன்னோடு நான் ஒரு பேச்சையும் முடித்ததில்லை. இன்றைக்குக் கேட்கவில்லை.

அம்மா